1/72 மிக்-21, ஏர்பிரஷ் இல்லை: எந்த பிரஷ் வாங்குவது?

மொட்டைமாடி ஹேங்கர் எழுதியது:

வணக்கம். போன வருடம் ஏர்ஃபிக்ஸ் ஸ்டார்ட்டர் செட்டில் ஒரு ஸ்பிட்ஃபயர் பிளாஸ்டிக் மாடல் விமானம் கட்டினேன். பெட்டிக்குள்ளேயே பெயிண்ட், பசை, பிரஷ் எல்லாம் இருந்ததால் எதையும் தேடி வாங்கும் வேலை இல்லை. இப்போது கையில் இருப்பது 1/72 (அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு) மிக்-21 கிட். 2025 செப்டம்பரில் சண்டிகரில் விமானப்படை அதற்கு விடை கொடுத்ததைப் பார்த்த பிறகு வீட்டில் ஒன்றாவது நிற்க வேண்டும் என்று வாங்கியது.

வாடகை வீடு, கைக்குழந்தை வேறு. ஏர்பிரஷ் என்றால் காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்க வேண்டும், அந்த கம்ப்ரஸர் சத்தத்துக்கும் ஸ்ப்ரே வாடைக்கும் இங்கே இடமில்லை. கையால்தான் அடிக்கப் போகிறேன்.

என்னிடம் இருப்பது ஆன்லைனில் கிடைத்த ஒரு 'டீட்டெயில் பிரஷ்' செட். 000, 5/0, 10/0 என்று எல்லாமே ஊசி மாதிரி. காக்பிட்டுக்கு அந்த ரஷ்ய நீலப்பச்சை அடிக்கும்போது, பெயிண்டை எடுத்து பிளாஸ்டிக்கில் வைப்பதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. ஒரு வாரத்துக்குள் பாதி பிரஷ்களின் நுனி ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. டெஸ்டுக்காக ஒரு பழைய டப்பா மூடியில் சாம்பல் நிறம் அடித்தேன். வரி வரியாக விழுகிறது. இரண்டாவது கோட் அடித்தால் முதல் கோட் கிளம்பி வருகிறது. பெயிண்ட் டாமியா அக்ரிலிக், எக்ஸ்எஃப் வரிசை.

கோலின்ஸ்கி (விலங்கு முடியில் செய்த, விலை கூடிய) பிரஷ் வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா? அல்லது பெயிண்டில்தான் கோளாறா? பட்ஜெட் குறைவு, ஆனால் ஒரே ஒரு நல்ல பிரஷ் வாங்கலாம் என்றால் வாங்கிவிடுவேன்.


பூஜ்யம்72 எழுதியது:

ஏர்பிரஷ் வேண்டாம் என்று சொன்ன பிறகும் சொல்கிறேன், காசைச் சேர்த்து ஏர்பிரஷ் வாங்குங்கள். மிக்-21 சாம்பல் நிறம் கையால் அடித்தால் வரி தெரியத்தான் செய்யும்.


எழுத்துக்காரர் எழுதியது:

வரி தெரியாது. அடிக்கிற விதத்தில் இருக்கிறது.

தம்பி, நான் கிட் கட்ட வந்தது வயதான பிறகு. அதற்கு முன் நாகர்கோவிலில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். கடைப் பெயர், லாரி பின்பக்கம், நம்பர் பிளேட், தேர்தல் வந்தால் சுவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை ஓய்ந்தது. விமானம் எனக்குப் பெரிதாகத் தெரியாது, பிரஷ் தெரியும். அதனால் பிரஷ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த 10/0-ஐ எடுத்து ஓரமாக வை. மெல்லிய கோடு வேண்டும் என்றால் மெல்லிய பிரஷ் வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கோடு போடுவது நுனி மட்டும்தான். நுனிக்குப் பின்னால் இருக்கும் தொந்திதான் பெயிண்டைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நுனிக்கு அனுப்புகிறது. ஃபவுண்டன் பேனாவில் மைக்குழாயும் நிப்பும் எப்படியோ அப்படி. 10/0-ல் தொந்தியே கிடையாது. நாலு முடியில் ஒட்டியிருக்கும் துளி பெயிண்ட், மேலே ஃபேன் சுற்றினால், கையைக் கொண்டு போவதற்குள் காய்ந்துதான் போகும். (ஃபேனை அணைத்துவிட்டு அடி. வியர்க்கும், பரவாயில்லை.) நல்ல கூர் உள்ள 1-ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ், 10/0 போடும் அதே கோட்டைப் போடும், அதுவும் இடையில் தொட்டுத் தொட்டு எடுக்காமல். காக்பிட் சுவிட்ச், டயர் ஓரம், பைலட் முகம் எல்லாவற்றுக்கும் நான் 1 அல்லது 2 தான் பிடிக்கிறேன்.

அப்புறம், நம்பரை நம்பாதே. பிரஷ் நம்பருக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 0 இன்னொரு கம்பெனியின் 1 அளவுக்கு இருக்கும். கண்ணால் பார்த்து வாங்க வேண்டிய சாமான் இது.

பார்ப்பது எப்படி? புது பிரஷ்ஷின் முடியைப் பசை போட்டுக் கூராக ஒட்டித்தான் விற்கிறார்கள். கடையில் எல்லா பிரஷ்ஷும் அழகாகத்தான் தெரியும். கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேள். முகம் சுளிப்பார், கேள். முடியை நனைத்து அந்தப் பசை போகும்வரை அலசு. பிறகு மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு உதறு. நல்ல பிரஷ் அந்த ஒரு உதறலில் தானாகவே ஒரே கூராகக் கூடிவிடும். இரண்டாகப் பிளந்தாலோ, ஒரு முடி தனியாக வெளியே நின்றாலோ அதே செட்டில் அடுத்ததை எடு. ஒரே கம்பெனி, ஒரே நம்பர், ஆனாலும் பிரஷ்ஷுக்கு பிரஷ் வித்தியாசம் இருக்கும். கூர் வந்தால், நகத்தின் மேல் வைத்து லேசாக அழுத்தி விடு. பழையபடி நிமிர வேண்டும். படுத்தே கிடந்தால் அது வாட்டர்கலரை நீர்க்கக் கரைத்துப் பூசுவதற்கு ஆகும், நமக்கு ஆகாது.

முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழாயையும் பார். தகட்டை மடித்து மூடியதாக இருந்தால் பக்கவாட்டில் ஒரு கோடு தெரியும், அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் கட்டை உப்பும், மேல் பூச்சு உரியும். கோடில்லாத குழாய் நல்லது. குழாய் ஆடுகிறதா என்று ஒரு திருகு திருகிப் பார்த்துக்கொள்.

இப்போது உன் இறக்கை. மிக்-21 இறக்கையின் மொத்த அகலம் 7.15 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 10 செ.மீ. கூட வராது. உடம்பைக் கழித்தால் ஒரு பக்கத்துக்கு நாலு செ.மீ. சொச்சம். 10 மி.மீ. அகல ஃப்ளாட் பிரஷ் ஒன்று இருந்தால் நாலைந்து இழுப்பில் ஒரு இறக்கை முடிந்துவிடும். அதையே 000-ல் அடித்தால் நூறு கோடு, நூறு கோட்டுக்கும் ஓரம். உன் வரி வரியான சங்கதியில் பாதி அங்கேதான் இருக்கிறது. மென்மையான சிந்தெடிக் ஃப்ளாட் வாங்கு. பன்றி முடி பிரஷ் வேண்டாம், அது உழுதுவிடும்.

மீதிப் பாதி பெயிண்ட். டாமியா அக்ரிலிக் தண்ணீர் பெயிண்ட் மாதிரி தோன்றும், உள்ளே ஆல்கஹால் இருக்கிறது. அதனால்தான் வேகமாகக் காய்கிறது. காய்ந்த மாதிரி இருக்கும் கோட்டை அடுத்த கோட் கரைத்துக் கிளப்புவதும் அதனால்தான். டாமியாவின் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சில துளி விட்டு, மெல்லியதாக அடி. முன்னிருந்து பின்னாக ஒரு தடவை இழு, இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதே. அங்கே ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தாலும் விடு. மறுநாள் இரண்டாவது கோட் அதை மூடும். கை சும்மா இருக்காமல் தடவிக்கொண்டே இருப்பதுதான் இந்த வேலையில் பெரிய சத்துரு.

இதெல்லாம் கஷ்டம் என்று தோன்றினால் வயெஹோ மாடல் கலர் வாங்கிப் பார். சொட்டுக் குப்பியில் வரும். தண்ணீரில் கரைவது, கைக்கு என்றே செய்தது. ஆனால் அடியில் பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். அதே கம்பெனியின் மாடல் ஏர் வேறு, அது நீர்த்தது, ஏர்பிரஷ்ஷுக்கானது. கடையில் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

கோலின்ஸ்கி? உன் விமானத்துக்குத் தேவையில்லை. சிந்தெடிக் ரவுண்ட் 2 ஒன்று, 1 ஒன்று, ஃப்ளாட் 10 மி.மீ. ஒன்று, காக்பிட் பக்கச் சுவர்களுக்கு 6 மி.மீ. ஃப்ளாட் ஒன்று. கேமல் சிந்தெடிக் கோல்டு எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், அதில் பொறுக்கி எடு. டாமியாவின் மாடலிங் பிரஷ் கிடைத்தால் இன்னும் நல்லது.


நங்கூரம் எழுதியது:

டிரை பிரஷ்ஷிங்குக்கு (பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ப்பது) மட்டும் ஒரு சின்ன யோசனை. அதற்கென்று விற்கும் தட்டையான கெட்டி பிரஷ்ஷை விட, அழகுசாதனக் கடையில் கிடைக்கும் சின்ன ஐ-ஷேடோ பிரஷ் பிரமாதம். முனை உருண்டையாக, மென்மையாக இருப்பதால் கோடு விழாமல் தூள் மாதிரி படியும். கப்பல் தளம் முழுவதும் இப்படித்தான் அடிக்கிறேன். வீட்டில் கேட்காமல் எடுக்காதீர்கள்.


செவ்வந்தி எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடுதான். கோலின்ஸ்கி விஷயத்தில் மட்டும் சண்டை போட வந்திருக்கிறேன்.

நான் விமானம் கட்டுவதில்லை. சிங்கப்பூரில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் உட்கார்ந்து 1/35 சிப்பாய்களும் மார்பளவு உருவங்களும் வரைகிறேன். முகத்தில் நிறத்தை நிறத்தோடு இழைக்கும்போது சிந்தெடிக் ஓர் அளவுக்கு மேல் ஒத்துழைக்காது. விலங்கு முடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன, அவை நீர்த்த பெயிண்டைப் பிடித்து வைத்துச் சீராக விடுகின்றன. நைலான் இழை வழவழப்பானது, நுனியைத் தொட்டதும் மொத்தமாக இறக்கிவிடும்.

கோலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்ற ஒல்லியான சிறு விலங்கின் வால் முடி. அதன் இயற்கையான நுனியை வெட்டவே மாட்டார்கள். நுனிகளைக் கையால் அடுக்கி, வேர்ப்பக்கத்தைத்தான் நறுக்குவார்கள். அந்தக் கூர் அங்கிருந்துதான் வருகிறது. வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1866-இல் விக்டோரியா அரசிக்காகச் செய்ய ஆரம்பித்தது, அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்தப் பெயர். அதில் 'மினியேச்சர்' என்று ஒரு வகை உண்டு. பெயரைப் பார்த்து நம்மவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். அதன் முடி குட்டை, அண்ணாச்சி சொன்ன தொந்தி அதில் இல்லை. சாதாரண சீரிஸ் 7-இல் 1 வாங்குங்கள். பிரான்சின் ரஃபாயெல் 8404, ஜெர்மனியின் டா வின்சி மேஸ்ட்ரோ, இங்கிலாந்தின் ரோஸ்மேரி அண்ட் கோ சீரிஸ் 33 எல்லாம் அதே தரம். ரஃபாயெலில் அளவு கொஞ்சம் பெரிதாக இருக்கும், அங்கே 0 போதும். என் கை பழகியது ரஃபாயெலுக்கு.

விலைதான் பிரச்சினை. ஒரு பிரஷ் ஒரு சின்ன கிட்டின் விலைக்கு வந்துவிடும். அதனால் அதை வைத்து என்ன செய்யக்கூடாது என்பது முக்கியம். எனாமல், லாக்கர் மாதிரி தின்னரில் கரையும் பெயிண்ட் பக்கம் கொண்டு போகாதீர்கள். தின்னர் முடியின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், பிறகு வைக்கோல்தான். டாமியா அக்ரிலிக்குக்கும் நான் கொடுக்க மாட்டேன். பெயிண்ட் கலக்க அதைப் பயன்படுத்தாதீர்கள், பல்குச்சி இருக்கிறது. மெட்டாலிக் நிறங்களுக்குத் தனி சிந்தெடிக், தனித் தண்ணீர். இல்லையென்றால் வெள்ளித் துகள் அடுத்த முகத்தில் வந்து மின்னும். பெயிண்ட் ஒருபோதும் முடியின் பாதிக்கு மேல் ஏறக்கூடாது. உலோகக் குழாய்க்குள் போய்க் காய்ந்தால் முடி விரிந்துவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது.

வேலை முடிந்ததும் சோப்பு. மாஸ்டர்ஸ் பிரஷ் கிளீனர் ஒரு டப்பா வருடக்கணக்கில் வரும். கிடைக்கவில்லை என்றால் சாதாரண கிளிசரின் சோப்பு. உள்ளங்கையில் நுரை வெள்ளையாக வரும்வரை மெதுவாகச் சுழற்றி, அலசி, உதட்டிலோ விரலிலோ கூராக்கி, படுக்கை வாட்டில் காயவிடுங்கள். ஈரத்தோடு நிற்க வைத்தால் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும்.

வயெஹோ பயன்படுத்தினால் ஈரத்தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். டிபன் பாக்ஸ், நனைத்த ஸ்பாஞ்ச், மேலே பேக்கிங் தாள். நம் ஊர் சூட்டிலும் பெயிண்ட் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். டாமியாவுக்கு இது ஒத்துவராது.


எழுத்துக்காரர் எழுதியது:

முகத்துக்கு நீங்கள் சொல்வது சரி அம்மா, நான் முகம் வரைவதில்லை. ஆனால் உதட்டில் கூராக்குவதை மட்டும் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சில நிறங்களில் காட்மியம் இருக்கிறது, வீட்டில் குழந்தை வேறு. ஈர விரல் போதும்.

முடி பிரஷ் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. சிலர் 'நேச்சுரல் ஹேர், மோங்கூஸ்' என்று மலிவாகக் கொண்டு வந்து காட்டுவார்கள். கீரி முடி. எங்கள் காலத்தில் போர்டு எழுதுகிறவர்கள் அதைத்தான் பிடித்தோம், தகரத்தில் எனாமல் இழுக்க அதைப் போல இன்னொன்று இல்லை, உண்மைதான். நுனி கருத்து, இடையில் வெளிர் பட்டை பட்டையாக இருக்கும், பார்த்ததும் தெரியும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி வருகிறது. அதன் முடி பிரஷ்ஷை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2019-இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் ரெய்டு போனது இதற்காகத்தான். ஒரு கிலோ முடிக்கு எத்தனை கீரி சாக வேண்டும் என்று யோசித்தாலே போதும். என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை.

கோலின்ஸ்கியிலும் காகிதம் பார்க்க வேண்டும். அந்த வீசல் இமயமலையிலும் இருக்கிறது, பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் (CITES) மூன்றாம் பட்டியலில் அதைச் சேர்த்ததே இந்தியாதான். 2013-இல் அமெரிக்காவுக்குள் கோலின்ஸ்கி பிரஷ் போகாமல் கொஞ்ச காலம் நின்றதும் இந்தக் காகித விவகாரத்தால். பெயர் தெரியாத விற்பனையாளர் பத்து பிரஷ் செட்டை 'ஒரிஜினல் கோலின்ஸ்கி' என்று சல்லிசாகத் தந்தால், அது என்ன முடி என்று அவருக்கே தெரிந்திருக்காது.


மொட்டைமாடி ஹேங்கர் எழுதியது:

அண்ணாச்சி, அக்கா, நங்கூரம் சார், எல்லாருக்கும் நன்றி. கடையில் டம்ளர் தண்ணீர் கேட்டேன். கடைக்காரப் பையன் குடிக்கக் கொடுத்தான். பிரஷ்ஷை நனைத்ததும் முறைத்தான். 2-ஆம் நம்பரில் மூன்றாவதாக எடுத்தது உதறியதும் ஒரே கூராகக் கூடியது. 1, 10 மி.மீ. ஃப்ளாட், 6 மி.மீ. ஃப்ளாட்டும் எடுத்தேன். கோலின்ஸ்கி இப்போதைக்கு இல்லை, பைலட் முகம் வரும்போது பார்க்கலாம்.

மூன்று சந்தேகம். வளைந்துபோன பழைய சிந்தெடிக் பிரஷ்களைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? புது பிரஷ்ஷோடு வந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் போடலாமா? அப்புறம், விமானப்படையின் வட்டச் சின்னத்தைக் கையால் வரையலாம் என்று ஒரு ஆசை. அண்ணாச்சி மாதிரி ஆள் இருக்கும்போது கேட்டுக்கொள்ளலாமே.


செவ்வந்தி எழுதியது:

முதல் இரண்டுக்கு நான் சொல்கிறேன். நுனியை வெந்நீரில் சில வினாடி முக்கி, சோப்பு தடவி நேராக்கிக் காயவிடுங்கள். ஓரளவு நிமிரும், ஆனால் மறுபடி வளையும். நைலானின் குணம் அது. உலோகக் குழாய் வரை முக்காதீர்கள், உள்ளே இருக்கும் பசை இளகும். நிமிராதவை பெயிண்ட் கலக்க, பசை தொட, வாஷ் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) துடைக்க ஆகும். மூடியை நல்ல பிரஷ்ஷுக்குப் போடுவதென்றால், முடி முழுவதும் காய்ந்த பிறகு, கூராக்கி, பார்த்துப் போடுங்கள். அவசரத்தில் ஒரு முடி மடிந்தால் அந்த பிரஷ் அவ்வளவுதான். நான் மூடிகளை எறிந்துவிட்டு, டம்ளரில் முடி மேலே இருக்கும்படி வைக்கிறேன்.

பின்னால் முடி பிரஷ் வாங்கினால் பூச்சி அரிக்கும், மூடிய டப்பாவில் வையுங்கள். அந்துருண்டை போடலாம் என்று தோன்றும். கிட்டும் பிரஷ்ஷும் ஒரே அலமாரியில் என்றால் வேண்டாம், நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும்.


எழுத்துக்காரர் எழுதியது:

வட்டத்தை வரையாதே. ஆறடி வட்டத்தைக் கயிறு கட்டிச் சுவரில் இழுத்தவன் சொல்கிறேன், 1/72-இல் காவி, வெள்ளை, பச்சை மூன்றையும் ஒரே மையத்தில் கையால் போட என்னாலும் ஆகாது. பெட்டியில் டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம்) இருக்கிறது, அதை ஒட்டு.

ஆனால் எக்ஸ்எஃப் மேட், அதாவது பளபளப்பில்லாத நிறம். அதன் மேல் நேரடியாக ஒட்டினால் டீக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் வேண்டும். டாமியாவின் கிளியரை (நிறமில்லாத வார்னிஷ்) டாமியா மேலேயே பிரஷ்ஷால் அடித்தால் மறுபடி கீழே இருப்பதைக் கிளப்பும். தண்ணீரில் கரையும் வார்னிஷ் வாங்கி, இரண்டு நாள் காய்ந்த பிறகு அந்த 10 மி.மீ. ஃப்ளாட்டில் அடி. நுரை வராதபடி குப்பியைக் குலுக்காமல் கிளறு.